வீடியோ பார்த்தும் ஹெப்பாரின் ஊசி வேண்டாம் என்கிறார்களா?

காலில் ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி பற்றி நோயாளிகளுக்குக் காட்டும் வீடியோவை மாற்ற வேண்டாம், காட்டும் நேரத்தை மாற்றுங்கள். அட்மிஷன் அன்றே எல்லோருக்கும் காட்டியும் மூன்றாம் நாள் ஊசி வேண்டாம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அட்மிஷன் அன்று ஆபரேஷன் பயத்தில் எதுவும் மனதில் ஏறாது. மறுக்கிற அந்த வேளையிலேயே, கட்டிலருகே காட்டுங்கள்.

அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இப்படித்தான் செய்தார்கள். ஒரு டோஸ் தவறியதுமே அதற்கென்றே இருக்கும் நர்ஸுக்குத் தகவல் போகும். நேரில் பேச்சு, துண்டறிக்கை, 10 நிமிட வீடியோ, இவற்றில் நோயாளி விரும்பியது. 2018-ல் வெளியான முடிவுப்படி, தவறிய டோஸ்கள் 9.1 சதவீதத்திலிருந்து 5.6 ஆகக் குறைந்தன.

மறுப்புக்கு ஒரு காரணம், "நான்தான் நடக்கிறேனே" என்ற எண்ணம். பாத்ரூம் வரை நடப்பது ஊசிக்கு ஈடாகாது என்பதை வாயாலும் சொல்லுங்கள்.

பிறகு, "இந்த ஊசி எதுக்கும்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "கால்ல ரத்தம் கட்டாம இருக்க, கட்டினா நுரையீரலுக்குப் போயிடும்" என்று வந்தால் புரிந்துவிட்டது. "புண் ஆறத்தானே?" என்றால் திரும்பச் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்று மட்டும்: ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, எங்காவது ரத்தம் கசிந்தாலோ வீடியோவை விட்டுவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.