கேளுங்க சொல்றோம்: ஊட்டி கிளப் ஸ்லாங்கும் ஏழு நாள் லோனும்

போன இதழ்ல இங்லீஷ் ஸ்லாங் பத்தியும் ஆன்லைன் பணம் பத்தியும் கேள்வி அனுப்பலாம்னு போட்டிருந்தோம். மலையிலருந்துதான் அதிகமா வந்திருக்கு, சிலபேர் ரெண்டையும் ஒரே லெட்டர்ல கேட்டுட்டாங்க, அதனால பிரிக்காம கலந்தே போட்டாச்சு.

எங்க ஹோம்ஸ்டேல தங்கின வெள்ளக்காரர் ஏடிஎம்ல கார்டு மாட்டிக்கிட்டதும் "ஐ ஆம் ஸ்நூக்கர்டு"ன்னு தலைல கைய வெச்சுக்கிட்டார். ஸ்நூக்கர் ஊட்டில பொறந்த ஆட்டம்தானே, அப்ப இந்தப் பேச்சும் நம்மூருதா? – ஊட்டி வாசகர்

ஆட்டத்துல நமக்குப் பங்கு உண்டுங்க, வார்த்தைல இல்ல. 1875ல ஜபல்பூர்ல மழைக்கு மெஸ்ஸுக்குள்ளயே அடைஞ்சு கிடந்த பட்டாளத்து ஆபீசருங்க பில்லியர்ட்ஸ் டேபிள்ல கலர் பந்து கூடுதலா போட்டு ஒரு புது ஆட்டம் ஆடிப் பாத்தாங்க, அதுல ஒருத்தர் நெவில் சேம்பர்லின் (பிரதமரா இருந்த சேம்பர்லின் வேற ஆளு). அப்ப இங்கிலாந்துல வுல்விச் மிலிட்டரி அகாடமில முதல் வருஷப் பசங்களுக்கு ஸ்நூக்கர்னு பட்டப்பேரு, அதாவது ஒண்ணும் தெரியாத புதுசு. கைக்கெட்டுற பந்தக் கோட்ட விட்ட ஒரு ஆபீசர இவர் "நீ சரியான ஸ்நூக்கர்யா"ன்னு கிண்டல் பண்ணிட்டு, அவர் மூஞ்சி போன போக்கப் பாத்து "இந்த ஆட்டத்துக்கு நாம எல்லாருமே ஸ்நூக்கர்தானே"ன்னு சமாதானம் சொன்னாராம், பேரு ஆட்டத்துலயே ஒட்டிக்கிச்சு. அப்புறம் அவர் ஊட்டிக்கு வந்தப்புறம்தான் ஊட்டி கிளப்ல விதிகள ஒழுங்கா எழுதி மாட்டினாங்க. இந்தக் கதைய அவரே 1938ல ஒரு பத்திரிகைக்கு லெட்டரா எழுதியிருக்கார். அடிக்க வேண்டிய பந்த வேற பந்து மறைச்சுட்டா அது ஸ்நூக்கர், அதுலருந்து எந்தப் பக்கமும் நகர முடியாம மாட்டினவன் ஸ்நூக்கர்டு. அமெரிக்காக்காரங்க இன்னும் ஒரு படி மேல போய் ஏமாந்தவனையும் அப்படியே சொல்றாங்க. உங்க கெஸ்ட் கார்டு கிடைச்சுதா இல்லயான்னு எழுதவே இல்லியே!

கேஷ்ங்கற வார்த்தை நம்ம காசுலருந்து போனதுன்னு எங்க சார் சொல்றார். உண்மையா? – கொடைக்கானல் மாணவி

பாதி உண்மைம்மா. கம்பெனி காலத்துல இங்க பொழங்கின சின்னச் செப்புக் காசுக்கு இங்லீஷ்காரன் கேஷ்னு பேரு வெச்சது நம்ம காசுதான், போர்ச்சுகீஸ் வழியாப் போச்சு. கைல வெச்சிருக்கற ரொக்கத்துக்குச் சொல்ற கேஷ் பிரெஞ்சுல பணப்பெட்டிங்கற வார்த்தைலருந்து வந்தது, அது தனி வம்சம்.

பச்சத் தேயிலைக் காசு டீ ஃபேக்டரிலருந்து வர லேட்டாச்சு, பையன் ஃபீஸுக்கு லிங்க்ல வந்த ஆப்ல 5,000 கேட்டேன். ஃபீஸ் அது இதுன்னு புடிச்சுக்கிட்டு 3,200தான் ஏறுச்சு, ஏழு நாள்ல 5,000 கட்டணுமாம். கட்ட முடியல. லைன் வீட்ல இருக்கற அத்தனை பேருக்கும் என் போட்டோ போட்டு "திருடி"ன்னு மெசேஜ் போயிருக்கு. – கோத்தகிரி பக்கம் ஒரு வாசகி

அம்மா, மொதல்ல ஒண்ணு, இத அடைக்க இன்னொரு ஆப்ல எடுக்காதீங்க. அடுத்த ஆப்போட லிங்க்க இவங்களே அனுப்புவாங்க, அதான் இவங்க பொழப்பே.

கணக்கப் பாருங்க. கைக்கு வந்தது 3,200, ஏழு நாளுக்கு மேல்காசு 1,800. வாரத்துக்கு நூத்துக்கு 56 ரூபா, வருஷக் கணக்குல போட்டா 2,900 சதவீதத்துக்கும் மேல. எந்த மீட்டர் வட்டிக்காரனும் இவங்ககிட்ட பிச்சை வாங்கணும். மீட்டர் வட்டின்னதும் ஞாபகம் வருது, தமிழ்நாட்ல 2003ல வந்த அதீத வட்டித் தடைச் சட்டத்துல கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல்னு தெருவுல பேசறத அப்படியே எடுத்து, இன்னதுன்னு விளக்கமும் எழுதி வெச்சிருக்காங்க. நம்ம ஜனம் பேரு வெச்சாச்சு, சட்டம் அப்புறமா வந்து அந்தப் பேரயே புடிச்சுக்கிச்சு.

ஆப் கடனுக்கு ரிசர்வ் பேங்க் ரூல்ஸ் 2022 செப்டம்பர்ல வந்தது, 2025 மே மாசம் அத இன்னும் இறுக்கி ஒண்ணாக்கிப் போட்டாங்க. அதுப்படி கடன் பேங்க்கோ என்பிஎஃப்சியோ (பேங்க் இல்லாத நிதி கம்பெனி) அவங்க அக்கவுன்ட்லருந்து நேரா உங்க அக்கவுன்டுக்கு வரணும், நீங்க கட்டுறதும் நேரா அவங்களுக்கே போகணும், நடுவுல ஆப்காரன் அக்கவுன்ட் வரவே கூடாது. ஆப்காரனுக்குண்டான ஃபீஸயும் உங்க கடன்லருந்து பிடிக்கக் கூடாது, கடன் குடுக்கறவங்கதான் தரணும். வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்னு கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் முன்னாடியே தரணும். வேணாம்னு தோணுனா அபராதம் இல்லாம திருப்பிக் குடுக்க குறைஞ்சது ஒரு நாளாவது டைம் தரணும். உங்க போன்ல இருக்கற கான்டாக்ட், கேலரி, கால் லிஸ்ட் எதையும் ஆப் தொடவே கூடாது. பிளே ஸ்டோர்லயும் 60 நாளுக்குள்ள முழுசா கட்டணும்கற லோன் ஆப்புக்கு இடம் கிடையாது, அதனாலதான் உங்களுக்கு அது லிங்க்ல வந்துச்சு.

இப்ப செய்ய வேண்டியது. வந்த மெசேஜ், நம்பர், பணம் ஏறுன யூபிஐ ஐடி எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு அப்புறம் ஆப்ப தூக்குங்க, மொதல்லயே தூக்கிட்டா ஆதாரம் போயிரும். சைபர் மோசடிப் புகாருக்குன்னே இருக்கற 1930 நம்பருக்கு போன் பண்ணுங்க, அப்படியே மாவட்ட சைபர் கிரைம் போலீஸ்ல புகார் குடுங்க, லைன்ல நாலு பேருக்கு விஷயத்த நீங்களே சொல்லிருங்க, மெரட்டல்ல பாதி அதோட செத்துரும். ரிசர்வ் பேங்க் சைட்ல எந்த ஆப் எந்த பேங்க்கோடதுன்னு லிஸ்ட் இருக்கு, 2025 ஜூலைலருந்து. பேங்க்குங்க குடுத்த தகவல அப்படியே போடறாங்க, ரிசர்வ் பேங்க் ஒவ்வொண்ணா சோதிச்சுப் போடறதில்ல, ஆனா அதுல இல்லாத ஆப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க.

வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஆப் குடுத்தாங்க, ஷேர் வெல எல்லாம் டிவில வர்ற மாதிரியேதான் ஓடுது. லாபம் ரெண்டு லட்சம் காட்டுது, எடுக்கப் போனா மொதல்ல டேக்ஸ் கட்டச் சொல்றாங்க. – கூடலூர் இளைஞர்

கட்டாதீங்க தம்பி. ஷேர் லாப வரி நீங்க வருமான வரித்துறைக்குக் கட்டுறது, ஆப்காரனுக்கு இல்ல. ஸ்க்ரீன்ல ஓடுற வெல நெஜம்தான், ஆர்டர்தான் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருக்காது. இது அமெரிக்காவுல நூத்திச் சொச்சம் வருஷத்துக்கு முந்தியே நடந்த கூத்து, பக்கெட் ஷாப்னு பேரு. கடைல டேப் மிஷின்ல வெல ஓடும், ஷேர் யாரும் வாங்கறதில்ல, ஏறுமா எறங்குமான்னு பந்தயம் மட்டும், நீங்க தோத்தா கடைக்காரனுக்கு லாபம். நம்மாளுங்க அத டப்பா டிரேடிங்னு சொல்லிட்டாங்க, 1956 வருஷத்து செக்யூரிட்டீஸ் கான்ட்ராக்ட்ஸ் சட்டப்படி அது குத்தம். உங்க கேஸ் அதுக்கும் ஒரு படி கீழ, டப்பாக்காரனாவது சிலநேரம் பணம் குடுப்பான்.

நெசமான புரோக்கர்னா வாங்கின வித்த கணக்குக்குக் கான்ட்ராக்ட் நோட்னு ஒரு தாள் வரும், எக்ஸ்சேஞ்சுலருந்து எஸ்எம்எஸ் வரும், ஷேர் உங்க பேர்ல இருக்கற டீமேட் கணக்குல நிக்கும். ஷேர் மார்க்கெட்டக் கண்காணிக்கற செபி இப்ப பதிவு பண்ணின புரோக்கருங்களுக்குன்னே "வேலிட்"ங்கற வார்த்தை வர்ற யூபிஐ ஐடி குடுத்திருக்கு, பணம் போடுறப்ப பச்ச முக்கோணத்துக்குள்ள கட்டைவிரல் தெரியும். தனியாள் பேர்ல இருக்கற சேவிங்ஸ் அக்கவுன்ட்ல போடச் சொன்னா அங்கயே நிறுத்திக்கோங்க.

பொன்சி பொன்சிங்கறாங்களே, அது ஆளா ஊரா? – குன்னூர் வாசகர்

ஆளுதான். சார்லஸ் பொன்சி, இத்தாலிலருந்து போனவர், 1920ல பாஸ்டன்ல 45 நாள்ல நூத்துக்கு அம்பது லாபம்னு சொல்லி, பின்னாடி வந்தவங்க பணத்த எடுத்து முன்னாடி வந்தவங்களுக்குக் குடுத்தார். அந்த ஆகஸ்ட்லயே குட்டு உடைஞ்சுது. நம்மூர்ல இதுக்கு டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் 1997லருந்து இருக்கு, பதிவு இல்லாம டெபாசிட் வாங்குறதத் தடுக்க மத்திய சட்டம் 2019ல வந்தது.

போனது 1,400 ரூபாதான், இதுக்கெல்லாம் புகார் எடுப்பாங்களா? – பழனி மலை அடிவாரத்துலருந்து ஒரு வாசகர்

எடுப்பாங்க, தொகை எவ்வளவா இருந்தாலும். ஓடிபி நீங்களே சொல்லிட்டீங்கன்னா பேங்க்குக்குச் சொல்ற வரைக்கும் போனது உங்க தலைல, சொன்னப்புறம் போறது பேங்க் தலைல. உங்க தப்பும் பேங்க் தப்பும் இல்லாம வெளிய எவனோ அடிச்சிருந்தா மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்களுக்கு நஷ்டம் இல்ல. எங்களுக்கு லெட்டர் போட்டுட்டு உட்காந்திருக்காதீங்க, 1930க்கு அடிங்க, இதழ் உங்க கைக்கு வர்றதுக்குள்ள காசு நாலு அக்கவுன்ட் தாண்டியிருக்கும்.