வாயில் வெள்ளை படிகிறது, இளைப்பு குறையவில்லை: நெஞ்சக நோய் மருத்துவர் பதில்கள்

கேள்வி: ஆஸ்துமாவுக்காகக் காலையில் இரண்டு, இரவில் இரண்டு பஃப் இன்ஹேலர் எடுக்கிறேன். ஒரு மாதமாகியும் ராத்திரி இளைப்பு விடவில்லை. நாக்கிலும் உள்கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. பம்ப் பழகிவிட்டால் விட முடியாது என்று மாமியார் வேறு பயமுறுத்துகிறார். மாத்திரைக்கு மாறிவிடலாமா?
– வாசகி, தேனி

பதில்: அந்த வெள்ளைப் படலம் ஒரு நல்ல துப்பு. தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரில் புடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு இருக்கும். நுரையீரலுக்குப் போக வேண்டியது வாயிலேயே தங்கிவிட்டால் அங்கே பூஞ்சை வளரும். டாக்டரிடம் காட்டினால் அதற்கு மருந்து தருவார். ஆனால் அடிக்கும் முறையைச் சரிசெய்யாவிட்டால் மறுபடி வரும்.

கண்ணாடி முன் நின்று அடித்துப் பாருங்கள். வாயோரத்திலோ மூக்கிலோ புகைபோல எட்டிப் பார்த்தால் அந்த பஃப் வீண்.

மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் ஒரு பஃபில் மருந்து கூடும், இன்னொன்றில் குறையும். பிறகு மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நிரம்பிய குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் வழியத்தானே செய்யும்? பம்பின் வாயைப் பற்களுக்கு நடுவே வைத்து, உதட்டை இறுக்கி மூடி, மெதுவாக மூச்சை இழுக்க ஆரம்பித்த அந்தக் கணத்தில் அழுத்துங்கள். அழுத்திவிட்டு அப்புறம் இழுத்தால் மருந்து தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே நின்றுவிடும். நான்கைந்து நொடி நிதானமாக இழுத்து, 10 நொடி அடக்கி, விடுங்கள். அடுத்த பஃபுக்கு அரை நிமிடமாவது இடைவெளி கொடுத்து, திரும்பக் குலுக்க வேண்டும். கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்கக் கூடாது.

கையும் மூச்சும் ஒத்துவரவில்லையென்றால் ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பஃப்தான் அதில் அடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைக்காமல் அப்படியே காய விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். (உங்களுடையது கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் வகையென்றால் மெதுவாக இழுப்பது தவறு. வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி கிளம்பும். அந்த கேப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள்!)

மாத்திரைக்கு வருவோம். மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். அதே மருந்து ஒரு பஃபில் 100 மைக்ரோகிராம்தான். மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுவதால்தான் கை நடுக்கமும் படபடப்பும். அதோடு, குழாயின் வீக்கத்தை அது குறைப்பதில்லை. தடுப்பு இன்ஹேலருக்கு யாரும் அடிமையாவதில்லை. நிறுத்தியதும் இளைப்பு திரும்புகிறது என்றால் நோய் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று வாரமாக இருமல், சாயங்காலம் லேசான காய்ச்சல். மெடிக்கலில் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டேன், கொஞ்சம் தேவலை. முழு கோர்ஸ் போடவா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: இனி கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலென்றால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். அதனால் தேவலைபோல இருக்கும், நோய் மறைந்து நின்று வளரும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எந்த மாத்திரை போட்டீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, இரண்டு முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்புங்கள். நுரை நுரையாக எச்சிலைக் கொடுத்தால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம்.

கேள்வி: 10 மாதக் குழந்தைக்குச் சளி. மூச்சு கர்கர் என்கிறது. நிமோனியாவா, சாதாரணச் சளியா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூக்கடைப்புக்கே அப்படி கர்கர் என்று கேட்கும். மூச்சை எண்ணுங்கள். குழந்தை தூங்கும்போது, அல்லது அழாமல் இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரம் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தப்பும், ஏனென்றால் குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுவரை 50, அதன்பின் 5 வயதுவரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

மூக்கடைப்புக்கு மருந்துக்கடை உப்புநீர்ச் சொட்டு போதும். இருமல் சிரப் இந்த வயதுக்கு வேண்டாம். ஒரு வயது முடியும்வரை தேனும் கூடாது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இறங்கினால் கரையாது; அதுவே ஒருவகை நிமோனியா ஆகும்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, 40 வருடம் விறகடுப்பில் சமைத்தவர். ‘சிஓபிடி’ (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்று எழுதியிருக்கிறார்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்குத்தானே அது வரும்? வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வாங்கி வைக்கலாமா?
– வாசகர், அரியலூர்

பதில்: விறகுப் புகையும் புகைதான். மூச்சுக்குழாய்ச் சுவரைத் தடிக்கவைத்து, காற்றறைகளையும் அரித்துவிடும். மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதிப் பார்த்துத்தான் எழுதினார்களா என்று கேளுங்கள். குழாய் விரியும் மருந்தை அடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போதும் முதல் நொடியில் வெளியேறும் காற்று மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் சிஓபிடி. ஆறு நொடியாவது விடாமல் ஊத வேண்டும். பாதியில் நிறுத்தினால் கணக்கு தப்பாகிவிடும்.

ஆக்சிஜன் எல்லோருக்கும் தேவையில்லை. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே, விரலில் மாட்டும் மீட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே நின்றால்தான் வீட்டு ஆக்சிஜனைப் பற்றி யோசிப்போம். தந்தால் நாளுக்கு 15 மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். விரலில் மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தால் மீட்டர் தப்பாகக் காட்டும். வேறு விரலில் பாருங்கள்.

நோயில்லாத ஆளுக்கு இந்த அளவு 95க்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் சிஓபிடிக்காரருக்கு ஆக்சிஜன் தரும்போது பொதுவாக 88 முதல் 92 வரை இருந்தாலே போதும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று டாக்டர் எழுதித் தந்ததை, மூச்சு வாங்குகிறதே என்று 5க்குத் திருப்பினால் கரியமில வாயு உள்ளே தேங்கும். தலைவலி, அரைமயக்கம் என்று தொடங்கும். ‘ஆக்சிஜன் வைத்ததும் அம்மா அசந்து தூங்குகிறார்’ என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். தட்டி எழுப்பிப் பெயரைக் கேளுங்கள். பேச்சு குழறினால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.