பிளைத்பர்க் தேவதூதர்களைச் சுட்டது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிராமத்துத் தேவாலயங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள பிளைத்பர்க் கோவிலின் படத்தைப் பார்த்தேன். அந்தச் சிற்றூருக்கு அத்தனை பெரிய கோவில் எதற்கு? கூரையிலுள்ள மரத் தேவதூதர்களை, 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் அரசரை எதிர்த்த கிராம்வெல்லின் சிப்பாய்கள் துப்பாக்கியால் சுட்டார்களாமே, உண்மையா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கதையை நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். 1644 ஏப்ரலில் வில்லியம் டவ்சிங் என்ற பியூரிட்டன் (கண்டிப்பான புராட்டஸ்டண்ட் பிரிவு) அதிகாரி அங்கே வந்தது உண்மை. கோவில்களில் உருவங்கள் இருப்பதே பாவம் என்று கருதியவர் அவர். இருபது கேருபீன்களை, அதாவது தேவதூதர் உருவங்களை, இறக்க வேண்டும் என்று தன் குறிப்பேட்டில் எழுதினார். ஆனால் பன்னிரண்டு தேவதூதர்கள் இன்றும் கூரையில் இருக்கிறார்கள். 1970களில் பழுதுபார்த்தபோது மரத்தில் ஈயக் குண்டுகள் கிடைத்தன. அவை 18ஆம் நூற்றாண்டுக் குண்டுகள். 1761ஆம் ஆண்டுக் கோவில் கணக்கைப் புரட்டினால் விடை கிடைக்கிறது: கோவிலுக்குள் காக்கைகளைச் சுட்டதற்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். தேவதூதர்கள் மேல் பட்டது காக்கைக்கு வைத்த குறி.

இனி முதல் கேள்வி. பிளைத் ஆற்றங்கரையில் படகுகள் வந்து நின்ற துறை அது; வணிகம் செழித்த காலத்தில் எழுந்த கோவில் இது. கோவிலின் பலிபீடப் பகுதியைப் புதிதாகக் கட்ட 1412இல் அனுமதி கிடைத்தது. பழைய கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டு, அந்த நூற்றாண்டிலேயே மற்றதையெல்லாம் எழுப்பினார்கள். பிறகு ஆறு தூர்ந்தது, கப்பல்கள் பெரிதாயின, வணிகம் போய்விட்டது. 1577 ஆகஸ்ட் 4ஆம் தேதி வழிபாட்டு நேரத்தில் அடித்த புயலில் கோபுரத்தின் கூர்முனை கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். வடக்குக் கதவில் இருக்கும் கருகல் தடத்தைப் பேய்நாயின் நகக்கீறல் என்று ஊரார் சொல்வது அந்த நாளை வைத்துத்தான்.

கோதிக் என்ற இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியைச் சொன்னதும் நமக்குக் கல்லால் வளைத்த கூரைதான் நினைவுக்கு வரும். இங்கே கூரை மரம். கல்லின் பாரம் இல்லாததால் சுவரைத் தைரியமாகத் திறந்துவிட்டார்கள். நடுக்கூடத்தின் மேல்வரிசையில் பக்கத்துக்குப் பதினெட்டு ஜன்னல்கள்! உள்ளே நின்றால் சுவரைவிட வெளிச்சமே அதிகம். இங்கிலாந்தின் கடைசிக் காலக் கோதிக் பாணியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இருக்கைகளின் முனைகளையும் பாருங்கள். சோம்பேறி படுக்கையில் கிடக்கிறான், பெருந்தீனிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், கருமி பணப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறான். பிரசங்கத்தின்போது பக்கத்திலேயே இவர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் அந்த ஊர் மக்கள்.

இதெல்லாம் மிஞ்சியதற்கு வறுமையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இல்லை. 1881இல் கட்டடம் ஆபத்தானது என்று பேராயர் மூடவே நேர்ந்தது. பழுதுபார்க்கத் தொடங்கியபோது, புதிதாக்குகிறேன் என்று பழையதை அழித்துவிடாதீர்கள் என்று, கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் வாதாடியது. அவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். கூரைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உத்திரங்களின் நடுவில் ஒருவர் கிழக்கும் ஒருவர் மேற்குமாக, முதுகோடு முதுகாகத் தேவதூதர்கள். அவர்களைச் சுற்றி மரத்தில், 15ஆம் நூற்றாண்டில் தீட்டிய சிவப்பும் பச்சையும் மங்கலாக இன்னும் தெரிகின்றன.