சான்சா ஸ்டார்க் ராணியானதற்கு அவள் பட்ட கொடுமைகளா காரணம்?

"கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொலைக்காட்சித் தொடரில் விவரமில்லாத பெண்ணாக அறிமுகமாகும் சான்சா, கடைசியில் வடக்கின் ராணியாகிறாள். அவள் அனுபவித்த கொடுமைகள்தானே அவளை உருவாக்கின?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லவே இல்லை. இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

எட்டாவது சீசனை இப்போதுதான் முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதன் நான்காம் எபிசோடில் ஹவுண்ட் என்ற முரட்டு வீரனிடம் சான்சா பேசும் காட்சி மனதில் நின்றிருக்கும். லிட்டில்ஃபிங்கரும் ராம்சேவும் இல்லையென்றால் நான் காலமெல்லாம் சின்னப் பறவையாகவே இருந்திருப்பேன் என்கிற மாதிரி அவள் சொல்வாள். லிட்டில்ஃபிங்கர் அவளை ராம்சேவுக்குக் கட்டிவைத்த சூழ்ச்சிக்காரன், ராம்சே அவளைக் கொடுமைப்படுத்திய கணவன். சின்னப் பறவை என்பது ஹவுண்ட் அவளைக் கூப்பிடும் பெயர். 2019இல் அது ஒளிபரப்பானபோதே நடிகை ஜெசிக்கா சாஸ்டெய்ன் உட்படப் பலர் கண்டித்த வசனம் அது. என்னைக் கேட்டால், அந்த ஒரு வசனம் அதற்கு முன்னால் ஏழு சீசன்கள் காட்டிய சான்சாவுக்கே விரோதமானது.

சான்சாவின் வாழ்க்கையில் ராம்சே வருவது ஐந்தாவது சீசனில். அவளுடைய புத்தியோ முதல் சீசன் கடைசியிலேயே தெரிந்துவிடுகிறது. வெட்டிய அப்பாவின் தலையைக் காட்டி, அடுத்து உன் அண்ணன் தலையைக் கொண்டுவருவேன் என்கிறான், அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த இளம் அரசன் ஜோஃப்ரி. ஒருவேளை அவன் உன் தலையைக் கொண்டுவந்து எனக்குக் கொடுப்பான் என்கிறாள் அவள். அதற்கு அறை வாங்குகிறாள். எதிர்த்துப் பேசினால் என்ன நடக்கும் என்று அங்கேயே புரிந்துகொள்கிறாள். இரண்டாவது சீசன் முதல் எபிசோடில், குடித்துவிட்டு வந்த டோன்டோஸ் என்ற வீரனைக் கொல்லச் சொல்கிறான் ஜோஃப்ரி. உங்கள் பிறந்தநாளில் ஆளைக் கொன்றால் அபசகுனம் என்று அந்த நிமிஷமே ஒரு காரணத்தை உண்டாக்கி, அவனைக் கோமாளியாக்கும் யோசனையை ஜோஃப்ரியின் புத்திசாலித்தனம் போலவே புகழ்ந்து ஓர் உயிரைக் காப்பாற்றுகிறாள். கத்தி இல்லை, கூட ஆள் இல்லை. அவளிடம் இருந்தது வாய் மரியாதை மட்டும்தான். அதை வைத்துத்தான் எதிரி அரண்மனையில் உயிரோடு இருந்தாள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், ஆரம்பத்தில் நான் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். அங்கிருந்த மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்துவார். பில்லை மேஜையில் விட்டெறிவார். நான் "சரி சார்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். வாயில்லாப்பூச்சி என்றுதான் அங்கே எனக்குப் பெயர். உண்மையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது பக்கத்து சீட் அக்கா. டாலி, வரிக் கணக்கு, பேங்கில் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்த மேனேஜரைப் பார்த்தேன். நான் இப்போது ஒரு கம்பெனியின் மொத்தக் கணக்கையும் பார்க்கிறேன் என்று யாரோ சொன்னார்கள். அவர் என் வீட்டுக்காரரிடம், "என்கிட்ட திட்டு வாங்கி வளர்ந்த பொண்ணு, அதான் இப்படி நிக்குது" என்றார். அந்த அக்கா பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன்.

ராம்சே கொடுமையையும் ஆபீஸ் திட்டையும் ஒன்றாக்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இரண்டும் ஒன்றில்லை. அடித்தவனுக்கே பெருமையைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். வாளெடுத்துச் சண்டை போடும் அவள் தங்கை ஆர்யாவை நான் குறைத்துப் பேசவும் இல்லை. வாளெடுத்தால்தான் வீரம் என்று சொல்பவர்களோடுதான் எனக்குச் சண்டை.

ஜோஃப்ரியின் அம்மா செர்சியிடம் நிறையக் கற்றேன் என்று ஏழாவது சீசனில் சான்சாவே சொல்கிறாளே என்பீர்கள். ஆமாம், கற்றாள். பார்த்துப் பார்த்துக் கற்றாள். செர்சி உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. அதே சீசனில், அவளோடு அண்ணனாக வளர்ந்த ஜான் ஸ்னோ ஊரில் இல்லாதபோது ஸ்டார்க் குடும்பக் கோட்டையான வின்டர்ஃபெல்லை நடத்துவது அவள்தான். குளிர்காலத்துக்குத் தானியம் சேர்க்கச் சொல்கிறாள், இரும்பு மார்க்கவசத்துக்கு மேல் தோல் போர்த்தச் சொல்கிறாள். இதில் எது ராம்சே கொடுத்தது? வடக்கில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குக் குளிர் தெரியும், அவ்வளவுதான். இன்னொன்று, மூல நாவலில் ராம்சேவுக்குக் கட்டிவைக்கப்படுவது சான்சாவே இல்லை, ஆர்யா என்று பொய் சொல்லி அனுப்பப்படும் ஜெய்ன் பூல் என்ற பெண். அந்தக் கல்யாணத்தைச் சான்சா தலையில் கட்டியது தொடர்க்காரர்கள்.

    

 கடைசி எபிசோடில் தம்பி பிரானையே அரசனாகத் தேர்ந்தெடுத்த சபையில், வடக்கு தனி நாடாகத்தான் இருக்கும் என்று சொல்கிறாளே, அந்தக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். குரலை உயர்த்தவில்லை, மரியாதை குறையவில்லை. டோன்டோஸைக் காப்பாற்றிய அதே பெண்தான் பேசுகிறாள். இந்தத் தடவை அவளை அறைய அங்கே யாருமில்லை.