ஆனந்தரங்கப் பிள்ளை, வ.உ.சி., கந்தசாமிப் பிள்ளை: மூவரும் உறவினர்களா?

புதுச்சேரியின் ரங்கப்பிள்ளை வீதியில் நடக்கும் பலருக்கும் இந்தக் கேள்வி வரும்.

'பிள்ளை' என்பது மரியாதைக்காகப் பெயருக்குப் பின்னால் சேர்ந்த பட்டம். நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை, அப்பாவின் முதலெழுத்துதான். அதனால் பட்டத்தை வைத்து வம்சம் கண்டுபிடிக்க முடியாது. டீக்கடையிலும் மாஸ்டர், தையல்கடையிலும் மாஸ்டர், அதுபோலத்தான்.

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். அன்றைய புதுச்சேரியின் மூச்சே அதில் கேட்கும், அவசியம் படியுங்கள். வ.உ.சி. தூத்துக்குடியில் கப்பல் விட்டவர். கந்தசாமிப் பிள்ளையோ 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையில் வரும் கற்பனை மனிதர். கடவுளைக் காப்பி ஓட்டலுக்கு அழைத்துப்போனவர். அவரைப் படைத்த புதுமைப்பித்தன் 1906இல் நம்ம கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர்.

அப்புறம், புதுச்சேரியில், தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க வழிசெய்த 1881 பிரெஞ்சு ஆணைக்குப் பிறகு சிலர் நிரந்தரக் குடும்பப் பெயரே எடுத்துக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லபோர்த்' ஆனது அப்படித்தான்.

பிள்ளை என்றால் ஒரே சாதி என்று நினைப்பதும் தவறு. பல சமூகங்களில், கேரளத்திலும்கூட, இந்தப் பட்டம் உண்டு.