ஐரோப்பியப் பண்பாட்டோடு ஒப்பிட்டால் கெமர் சமூகம் பின்தங்கியதா?

“ஐரோப்பாவில் மறுமலர்ச்சி நடந்தது, அறிவியல் வளர்ந்தது, கம்போடியாவின் கெமர் மக்களிடம் அங்கோர் வாட்டையும் போல் பாட்டையும் தவிர வேறு என்ன இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். கம்போடியாவுக்குச் சுற்றுலா செல்லும் முன் இணையத்தில் நாலு பக்கம் படித்துவிட்டு எழுந்த கேள்வி என்று நினைக்கிறேன். அந்நாட்டுத் தலைநகர் புனோம் பென்னில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, அம்மக்களின் நல்லது கெட்டதுகளில் கலந்துகொண்டவன் என்பதால், இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை. நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன்; ஐரோப்பாவின் மீது எனக்குக் காழ்ப்பும் கிடையாது. ஒப்பிடுவதானால் முறையாக ஒப்பிட வேண்டும் என்பதே என் வழக்கு.

இன்றைய பாரிஸையும், கெமர் பேரரசின் தலைநகராக இருந்து இன்று இடிந்து நிற்கும் அங்கோரையும் அருகருகே வைப்பது ஒப்பீடு ஆகாது. கி.பி. 800இல் பிராங்க் மன்னர் சார்லமேன் ரோமில் பேரரசராக முடிசூடினார். 802இல் இரண்டாம் ஜெயவர்மன் குலேன் மலையில் தம்மைச் சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொண்டார். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் அங்கோர் வாட்டை எழுப்பியபோது, 1163இல் தொடங்கவிருந்த பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்துக்கு அடிக்கல்கூட நாட்டப்படவில்லை. அதே வேளையில், ஐரோப்பாவின் கோதிக் பாணிக் கட்டடக் கலைஞர்கள் ஒன்றையொன்று தாங்கும் ஆப்பு வடிவக் கற்களாலான உண்மையான வளைவைக் கொண்டு அகன்ற கூடங்களை அமைத்தார்கள் என்பதும், கெமர் சிற்பிகள் கல்லின்மேல் கல்லை முன்தள்ளி அடுக்கும் முறையையே பின்பற்றியதால் அவர்களுடைய மண்டபங்கள் குறுகலாக இருக்கின்றன என்பதும் உண்மை. போலோன்யா, பாரிஸ் பல்கலைக்கழகங்களுக்கும், 1215இல் இங்கிலாந்து அரசரின் கையைக் கட்டிப்போட்ட மாக்னா கார்ட்டா சாசனத்துக்கும் ஈடாக அங்கோரில் ஒன்றைக் காட்ட முடியாது. இதை நான் மறைக்கவில்லை.

ஆனால், ஒப்பிடுபவர்கள் எது எஞ்சியது, எது அழிந்தது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. ஐரோப்பாவில் தேவாலயமும் கல், கோட்டையும் கல். கெமர் நாட்டில் கல் கட்டடம் தெய்வத்துக்கே உரியதாக இருந்தது. மன்னரின் அரண்மனைகூட மரத்தால் ஆனது. அரண்மனை, வீடு, அங்காடி, ஓலைச்சுவடி எல்லாம் மழைக்கும் கரையானுக்கும் இரையாகி, கோயில்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளுமே மிஞ்சின. அக்கல்வெட்டுகளில் தெய்வத்தையும் மன்னரையும் போற்றும் பகுதி பெரும்பாலும் சமஸ்கிருதச் செய்யுளாகவும், வயல்கள், நெல் அளவு, அடிமைகளின் பெயர்ப் பட்டியல் ஆகியவை கெமர் உரைநடையாகவும் இருக்கும். பல்லவ, சோழச் செப்பேடுகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. ஐரோப்பாவில் இலத்தீன் வகித்த இடத்தை அங்கே சமஸ்கிருதம் வகித்தது. அடிமைகளின் உழைப்பை அங்கோரும், பண்ணையடிமைகளின் உழைப்பை ஐரோப்பாவும் உண்டு வளர்ந்தவையே.

ஏழாம் ஜெயவர்மன் காலத்தில் நாடெங்கும் 102 மருத்துவமனைகள் இயங்கியதாகத் தா புரோம் கோயிலின் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. குடிகளின் நோயே மன்னரைத் தம் நோயினும் மிகுதியாக வருத்தியது என்று அம்மருத்துவமனைகளின் சாசனங்கள் சொல்கின்றன. 1296இல் சீனத் தூதுக்குழுவோடு வந்த சௌ தாகுவான், அங்காடியில் வணிகம் முழுவதும் பெண்கள் கையில் இருந்ததைக் குறித்துவைத்தார். இன்றும் புனோம் பென்னின் சந்தைக்குச் சென்றால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் பெண்தான். என்னோடு வேலை பார்த்த பெண்ணின் திருமணத்தில் மணமகன் வீட்டார்தான் பணம் கொடுத்தார்கள். திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து தங்கினார். இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ள 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

என்னை உண்மையில் புண்படுத்திய நிகழ்ச்சிக்கும் ஐரோப்பியருக்கும் தொடர்பில்லை. ஊரிலிருந்து வந்த என் சித்தப்பா குடும்பத்தை அங்கோர் வாட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். தெற்குப் பிரகாரத்துச் சுவரில் சூரியவர்மனின் ஊர்வலம் செதுக்கப்பட்டிருக்கும் இடத்தில், “இதைக் கட்டியது நம்ம தமிழ் ராஜாதான்னு இந்தப் பையனுக்குச் சொல்லுப்பா” என்று சித்தப்பா என்னிடம் சொன்னார். கைப்பேசிக்கு வந்த ஏதோ ஒரு செய்தியைப் படித்திருந்தார். நான் தயங்கித் தயங்கி அதை மொழிபெயர்த்ததும், எங்கள் கெமர் வழிகாட்டி சிறிதும் கோபப்படாமல், குடைகளின் கீழ் அமர்ந்திருக்கும் மன்னரின் அருகே கல்லில் பொறித்திருந்த சிறிய எழுத்துகளைக் காட்டி, ‘பரமவிஷ்ணுலோக’ என்னும் அம்மன்னரின் பெயரைப் படித்தார். ஊர்வலத்தில் செல்லும் தளபதிகளுக்கும் அதுபோலக் கெமர் மொழியில் பெயர்க்குறிப்பு உண்டு. அங்கோரைப் பற்றி முதலில் எழுதிய ஐரோப்பியர் சிலர் அதை அலெக்சாண்டரோ ரோமானியரோ கட்டியிருக்கக்கூடும் என்றார்கள். 1860இல் வந்த பிரெஞ்சுப் பயணி ஆன்ரி மூஓ, கிரேக்கமும் ரோமும் விட்டுச்சென்றவற்றைவிட இது உயர்ந்தது என்று வியந்துவிட்டு, அங்கே வாழ்ந்துகொண்டிருந்த மக்களை அநாகரிக நிலையில் மூழ்கியவர்கள் என்று எழுதினார். அவர்கள் செய்த அநியாயத்தையே நாமும் செய்கிறோம். தமிழ்ப் பற்று இல்லாதவன் என்று என்னைத் திட்ட வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அங்கோருக்கு அருகிலுள்ள பந்தேய் ஸ்ரே கோயிலில் ஆடும் சிவனின் காலடியில் காரைக்கால் அம்மையார் அமர்ந்திருக்கிறார், கம்போஜ (கம்போடிய) மன்னர் சோழன் குலோத்துங்கனுக்கு அளித்த கல் சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. இவ்வளவு உண்மையான உறவு இருக்கும்போது பொய் எதற்கு?

போல் பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1975 முதல் 1979 வரை நடந்த அவருடைய கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறத்தாழ 17 முதல் 20 லட்சம் பேர் மாண்டார்கள். அந்தக் கொடுமையைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அதைக் கெமர் பண்பாட்டின் இயல்பு என்று சொல்பவர்கள், போல் பாட்டும் அவருடைய தோழர்கள் பலரும் பாரிஸில் படிக்கும்போதுதான் பொதுவுடைமைக் கொள்கைக்குள் வந்தார்கள் என்பதையும், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமை வைத்து ஐரோப்பியத் தேவாலயங்களை யாரும் எடைபோடுவதில்லை என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

அங்கோரை ஒட்டிய சியெம் ரீப் நகருக்குச் செல்வதானால் அங்கோரின் பாஃபுவோன் கோயிலுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பழுதுபார்ப்பதற்காக 1960களில் பிரெஞ்சு வல்லுநர்கள் அதைக் கல் கல்லாகப் பிரித்து வைத்திருந்தார்கள். போர் வந்தது, எந்தக் கல் எங்கே என்ற குறிப்புகள் அழிந்தன. 1995இல் பிரெஞ்சுக்காரர்களும் கெமர் தொழிலாளர்களும் மறுபடியும் தொடங்கி, சுமார் 3,00,000 கற்களுக்கு இடம் தேடிப் பொருத்தி, 2011இல் வேலையை முடித்தார்கள்.