அசல் சான்றிதழைக் கேட்கும் நர்சிங் ஹோம்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவும் செய்துவிட்டேன். எங்கள் ஊரில் 30 படுக்கைகள் கொண்ட நர்சிங் ஹோம் ஒன்று உடனே வேலை தருவதாகச் சொல்கிறது. ஆனால் 2 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டுமாம். மதுரையில் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஏறக்குறைய அதே சம்பளமும் விடுதியும் உண்டு. இரவுப் பணி என்பதால் வீட்டில் தயங்குகிறார்கள். எதை ஏற்பது?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மதுரைக்குச் செல்லுங்கள். இரவுப் பணி உள்ளூரிலும் உண்டு என்பதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். சிறிய இடங்களில் நள்ளிரவில் ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறினால், படிப்பை இப்போதுதான் முடித்த செவிலியர் பெரும்பாலும் தனியாகத்தான் நிற்க நேரிடும். பெரிய மருத்துவமனையிலோ மூத்த செவிலியரும் பணி மருத்துவரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். முதல் ஆண்டில் கை பழகுவது அவர்களைப் பார்த்துத்தான். நேர்காணலில் எந்த வார்டில் பணி, ஒரு ஷிப்ட்டில் எத்தனை நோயாளிகளைக் கவனிக்க வேண்டும், தனியாக விடுவதற்கு முன் எத்தனை வாரம் பயிற்சி என்பவற்றை நீங்களே கேளுங்கள். சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வருவது நம் பிள்ளைகளின் வழக்கமாகிவிட்டது.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், நகல்களைக் கொடுக்கலாம். அசலை எங்கும் ஒப்படைக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கும் நாளில், அவை யாருடைய பீரோவிலோ பூட்டிக் கிடந்தால் உங்களால் என்ன செய்ய முடியும்?

சம்பளம் பற்றியும் ஒன்று. உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவையடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட இடத்தில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டதால் பல மருத்துவமனைகள் இதைக் கண்டுகொள்வதில்லை. இருந்தாலும் ஊதியம் பேசும்போது இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: என் மகன் ஜி.என்.எம். எனும் செவிலியர் பட்டயப் படிப்பை இப்போதுதான் முடித்திருக்கிறான். செவிலியர் பணிக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வை உடனே எழுதலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இப்போது முடியாது. பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்களுக்கு முன் அனுபவம் தேவையில்லை. பட்டயப் படிப்பு முடித்தவர்களுக்கோ, குறைந்தது 50 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் வேண்டும். எய்ம்ஸ் நிறுவனங்களில் இப்பணியிடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு என்பதால் ஆண்களுக்குப் போட்டி கடுமையானது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். அந்த 2 ஆண்டு அனுபவம் கணக்கில் சேர, வேலையில் சேரும் முன்பே படுக்கை எண்ணிக்கையை விசாரித்து, விலகும்போது அந்த எண்ணிக்கையும் பணிபுரிந்த தேதிகளும் குறிப்பிட்ட அனுபவச் சான்றை மருத்துவமனையின் முகவரித்தாளில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.